சும்மா பைலாவா? ஊரின் சட்டத்தை ஊர் படிக்க வேண்டாமா?

 

"ஹஜ்ரத், கடைக்கு நோட்டீஸ் வந்திருக்கு. எம்.எல்.ஏ.கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கறிக்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் என் கையில் ஒரு தாளைத் திணித்தார். அதில் நான்கே வரிகள். துணைவிதிகளுக்கு மாறாகக் கடை நடத்தப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் சரிசெய்து விளக்கம் தர வேண்டும். தவறினால் கடை மூடி முத்திரையிடப்படும்.

"எந்தத் துணைவிதி தம்பி? அதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும் ஹஜ்ரத்? பைலாவாம். சட்டம்கூட இல்ல, சும்மா பைலா! அதுக்குப் போயி கடையை மூடிடுவாங்களா?"

எனக்கும் அன்று அதற்கு மேல் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எம்.எல்.ஏ.வின் உதவியாளருக்குப் போன் போட்டேன். அவர் சென்னையில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த நாளும் போட்டேன். எட்டாம் நாள் காலையில் கடைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் அலுவலகத்திற்குப் போய் அந்தத் துணைவிதியின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தோம். கடையின் முகப்பில் ஈ மொய்க்காதபடி வலை வேண்டும். கழிவுகளை மூடியுள்ள தொட்டியில் வைக்க வேண்டும். இவ்வளவுதான்! இரண்டு நாள் தச்சு வேலை. அதைச் செய்யாமல் பதினொரு நாள் வியாபாரத்தை அந்தத் தம்பி இழந்தார். கடையில் வேலை செய்த இரண்டு பேர் பதினொரு நாள் கூலியை இழந்தார்கள்.

அநீதி நடந்தது என்று மேடை போட்டுப் பேச எனக்கு நாக்கு அரித்தது. ஆனால் அநீதி எங்கே நடந்தது? படிக்கத் தெரிந்த நான் படிக்காமல் போன் போட்டேனே, அங்கேதான் நடந்தது.

"சும்மா பைலா" என்ற அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சொல்லுக்குள் ஓர் ஊர்

இடைத்தேர்தலை 'பை எலக்‌ஷன்' என்கிறோம். ஊருக்கு வெளியே போகும் சாலையை 'பைபாஸ்' என்கிறோம். பிரதான வீதியிலிருந்து பிரியும் சந்தை 'பைலேன்' என்கிறோம். ஆகவே 'பைலா' என்று கேட்டதும், ஏதோ ஒதுக்குப்புறமான சட்டம், கிளைச்சட்டம் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. தமிழில் 'உபவிதி', 'துணைவிதி' என்று எழுதும்போது அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிடுகிறது. துணை நடிகர், துணைத் தலைவர் என்பது போலத் துணைவிதி!

ஆனால் அந்தச் சொல்லின் வரலாறு வேறு. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு டென்மார்க், நார்வே பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களது மொழியில் 'பி' என்றால் ஊர், குடியிருப்பு. டெர்பி, கிரிம்ஸ்பி, விட்பி என்று இன்றும் அங்கே ஊர்கள் இருக்கின்றன அல்லவா? அந்தப் பெயர்களின் வாலில் இருப்பது இதே சொல்தான். காயல்பட்டினம், அதிராம்பட்டினம், மேலப்பாளையம் என்ற நம் ஊர்ப் பெயர்களில் பட்டினமும் பாளையமும் நிற்பது போல! 'லா' என்ற சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்ததுதான். இரண்டையும் சேர்த்தால் பைலா என்பதற்கு 'ஊர்ச் சட்டம்' என்று பொருள். அறுவடை முடிந்த வயலில் எந்த நாள் மாட்டை விடலாம், சிந்திய கதிரைப் பொறுக்க யாருக்கு உரிமை, வேலியை யார் அடைப்பது என்று ஊர் கூடித் தீர்மானித்ததே பைலா. காலப்போக்கில் ஊர் என்ற பொருள் மறந்துபோய், பக்கத்தில் நிற்பது, துணையானது என்ற பொருள் மேலே ஏறிக்கொண்டது.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு சொல் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரிய உறுப்பினர்களைக் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஊர்ச்சபை செய்துகொண்ட ஏற்பாட்டைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. எல்லோருக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் ஒரு விதியைக் கவனியுங்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! இப்படி ஊர் செய்துகொண்ட ஏற்பாட்டுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'வ்யவஸ்தை'. "வெவஸ்தை கெட்டவன்" என்று நாம் திட்டுகிறோமே, அந்த வெவஸ்தைதான் இது. ஊர் போட்ட ஒழுங்குக்கு அடங்காதவன் வெவஸ்தை கெட்டவன்.

அப்படியானால் பைலாவைச் 'சும்மா' என்று ஒதுக்குவது எவ்வளவு வெவஸ்தை கெட்ட பேச்சு!

மூன்று படிகள்

வியாபாரிகளே! சட்டம், விதி, துணைவிதி என்ற மூன்றையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றுவது சட்டம். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த அரசு போடுவது விதி. அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ தன் எல்லைக்குள் போடுவது துணைவிதி. மேல்படி இல்லாமல் கீழ்ப்படி நிற்காது. தாய்ச்சட்டம் கொடுக்காத அதிகாரத்தைத் துணைவிதி எடுத்துக்கொள்ள முடியாது.

படியில் கீழே இருப்பதால் அதற்கு வலிமை குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். அன்றாட வாழ்வில் நம் கையைப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் பெயர்கூடத் தெரியாமல் ஒருவர் வாழ்நாளைக் கழித்துவிடலாம். ஆனால் கடைக்கு முன்னால் எத்தனை அடி பந்தல் போடலாம், குப்பையை எப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஆட்டை எங்கே அறுக்க வேண்டும், சந்தையில் எந்தக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பவை ஒவ்வொரு நாளும் நம்மைத் தொடுகின்றன. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஓராண்டுக்குள் குப்பைக்கான துணைவிதிகளை இயற்ற வேண்டும் என்று கட்டளையிட்டன. பிரியாணிக் கடைக்காரர் முதல் திருமண மண்டபக்காரர் வரை பாதிக்கும் இந்த விஷயத்தில், தங்கள் ஊரில் துணைவிதி வந்ததா, வந்தது என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்கிறது நமது அரசியல் சாசனத்தின் 13 ஆவது பிரிவு. அங்கே 'சட்டம்' என்றால் எவையெல்லாம் அடங்கும் என்று பட்டியலிடும்போது, துணைவிதியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சாசனம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு சாதாரண மனிதனின் உரிமை முதலில் பறிபோகும் இடம் டெல்லி அல்ல, ஊர்ச் சந்தைதான் என்று!

இரண்டு காய்கறி வியாபாரிகள்

இதை நிரூபித்தவர்கள் யார் தெரியுமா? இரண்டு முஸ்லிம் காய்கறி வியாபாரிகள்!

சாசனம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26 இல். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் படியேறியவர் ரஷீத் அஹ்மத். உத்தரப் பிரதேசத்தில், அன்றைய முசஃபர்நகர் மாவட்டத்திலுள்ள கைரானா என்ற சிற்றூரில் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்தவர். நகராட்சி புதிய துணைவிதி போட்டது. அனுமதியில்லாமல் மொத்த வியாபாரத்திற்கு இடம் அமைக்கக் கூடாது என்றது. அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. மொத்த வியாபாரத்தின் ஏகபோக உரிமையோ வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. உரிமம் வழங்குவதற்கென்று துணைவிதியில் ஒரு வழியும் சொல்லப்படவில்லை. அனுமதி வாங்கு என்கிறார்கள். வாங்குவதற்கு வாசலே வைக்கவில்லை! இது நியாயமான கட்டுப்பாடு அல்ல, முழுத் தடை என்று உச்ச நீதிமன்றம் கண்டது. தொழில் செய்யும் உரிமையைத் தரும் 19(1)(ஜி) பிரிவு மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது.

இரண்டே ஆண்டுகளில், 1952 இல், அதே மாவட்டத்து ஜலாலாபாத்திலிருந்து முஹம்மது யாசீன் வந்தார். அவரும் காய்கறி, பழ மொத்த வியாபாரிதான். அந்த ஊரின் டவுன் ஏரியா கமிட்டி துணைவிதி போட்டு, மொத்த வியாபாரத்தின் மீது கட்டணம் விதித்து, அதை வசூலிக்கும் உரிமையை ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விட்டிருந்தது. கமிட்டிக்குச் சொந்தமான இடத்தைப் பயன்படுத்துபவரிடம் கட்டணம் வாங்கத்தான் தாய்ச்சட்டம் அதிகாரம் கொடுத்தது. தன் சொந்தக் கடையில் வியாபாரம் செய்பவரிடம் எந்த அதிகாரத்தில் வாங்கினீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. சட்ட அதிகாரமில்லாத கட்டணம் தொழில் உரிமையின் மீது விழும் சட்டவிரோதத் தடை என்று அந்தத் துணைவிதியை ரத்துச் செய்தது.

இந்த இரண்டு வழக்குகளையும் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மாபெரும் தலைவர்களின் வழக்குகள் அல்ல இவை. தக்காளியும் உருளைக்கிழங்கும் விற்றவர்களின் வழக்குகள். அவர்கள் கல் எறியவில்லை, பஸ்ஸை மறிக்கவில்லை. "இந்தத் துணைவிதி போட உனக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது?" என்ற ஒரு கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டார்கள். கேட்பதற்கு முன்பு படித்தார்கள், அல்லது படித்தவரிடம் போனார்கள். அதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு.

வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஜபல்பூர் நகராட்சித் துணைவிதியின்படி அறுப்புத் தொழில் செய்துவந்தவர் முஹம்மது ஃபாரூக். காளைகளையும் எருதுகளையும் அறுக்க அனுமதித்த அளவில் அந்தத் துணைவிதிக்குக் கொடுத்திருந்த ஒப்புதலை மத்தியப் பிரதேச அரசு 1967 இல் திரும்பப் பெற்றது. 1969 இல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பைச் செல்லாது என்றது. ஆனால் 2005 இல், குஜராத் மாநிலம் சட்டம் இயற்றிக் கொண்டுவந்த முழுத் தடையை, ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. எனவே பழைய தீர்ப்பின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்குத் தீர்ப்பு இருக்கிறது" என்று வாதாடுவது ஆபத்து. இன்று நடைமுறையில் இருப்பது எது என்று பார்க்க வேண்டும். நம் மாநிலத்திலேயே, 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டுக்கு மேல் ஆட்சி செய்த பிறகு, 1998 ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்பா காலத்து உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒருமுறை எழுந்து பாருங்கள்.

பூட்டு விழுவதற்கு முன்

நமது வழக்கம் என்ன? நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவது. முத்திரை விழுந்த பிறகு கூடுவது. ஆனால் பல துணைவிதிகளுக்கு அதற்கு முன்பே ஒரு கட்டம் உண்டு. 'முன்வெளியீட்டுக்குப் பிறகே துணைவிதி செய்ய வேண்டும்' என்று ஒரு சட்டம் சொன்னால் அதன் முறை என்ன என்பதை, ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் எனப்படும் 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆவது பிரிவு விளக்குகிறது. பாதிக்கப்படக்கூடியவர்கள் அறியும்படி முதலில் வரைவை வெளியிட வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு அது பரிசீலிக்கப்படும் என்று அறிவிக்க வேண்டும். அதற்குள் வரும் ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் அதிகாரம் படைத்தவர்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் நாம் எங்கே இருந்தோம்? அலுவலக வாசல் பலகையில் ஒட்டியிருந்த தாளை யார் படித்தோம்? வியாபாரிகள் சங்கம் என்ற பெயரில் ஆண்டுக்கொரு காலண்டர் அடிக்கிறோம்; நல்லது. ஆண்டுக்கொரு ஆட்சேபனை மனுவாவது கொடுத்திருக்கிறோமா?

1951 இல் உச்ச நீதிமன்றம் ஹர்லா என்ற ராஜஸ்தான்காரரின் வழக்கில் ஒன்றைச் சொன்னது. பழைய ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் மந்திரிசபை ஒரு சட்டத்தைத் தீர்மானமாகப் போட்டுவிட்டு மக்களுக்கு அறிவிக்கவே இல்லை. அறிவிக்கப்படாத சட்டத்தை வைத்து ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு மாறானது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆகவே சட்டத்தை அறிவிப்பது ஆள்பவரின் கடமை. அறிவித்ததைப் படிப்பது யாருடைய கடமை? சொல்லுங்கள்!

தெருவோரத்தில் தள்ளுவண்டி வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. 2014 ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், உள்ளாட்சி அமைப்பு தனது துணைவிதிகளின் மூலம் தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. கூடவே நகர விற்பனைக் குழு ஒன்றையும் அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரோடு சிறுபான்மையினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா? இருந்தால், நம்மவர் யாராவது அதில் உறுப்பினரா? "எங்களை விரட்டுகிறார்கள்" என்று ஜும்ஆவுக்குப் பின் வந்து அழுகிறவர்களிடம் இதைக் கேட்டால் மௌனம்தான் பதிலாக வருகிறது.

நம் பைலா எங்கே?

இதுவரை அடுத்தவர் போட்ட பைலாவைப் பற்றிப் பேசினேன். இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

ஓர் ஊர் ஜமாஅத்தில் தகராறு. நிர்வாகத்தின் காலம் முடிந்துவிட்டது என்கிறது ஒரு தரப்பு. முடியவில்லை என்கிறது இன்னொரு தரப்பு. சமரசம் பேசப் போயிருந்தேன். இஷா தொழுகைக்குப் பின் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. "பைலாவில் என்ன இருக்கிறது, எடுங்கள் பார்ப்போம்" என்றேன். கூட்டம் அமைதியானது. பைலா முன்னாள் செயலாளர் வீட்டுப் பீரோவில் இருக்கிறதாம். அவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாராம். அன்று அங்கே கூடியிருந்த ஏறக்குறைய நூறு பேரில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர்! ஜெய்ப்பூர் மந்திரிசபையை நாம் என்ன குறை சொல்வது?

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். நகராட்சியின் துணைவிதி ஊரில் இருக்கும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம். சங்கத்தின் பைலா அப்படியல்ல. அது உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். கூட்டுறவு வங்கி ஒன்றைப் பற்றிய வழக்கில், கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளுக்குச் சட்டத்தின் தகுதி கிடையாது என்று 1969 இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இல் வந்தது. ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்தால் சங்கம். பைலாவும் அதோடு பதிவாக வேண்டும். திருத்துவதென்றால் பொதுக்குழு கூடி முறைப்படி தீர்மானம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். முத்தவல்லி நினைத்தபடி பேனாவால் அடித்துத் திருத்துவதற்கு அது மளிகைக்கடை நோட்டு அல்ல.

ஒப்பந்தம்தானே என்று இதையும் 'சும்மா' ஆக்கிவிடாதீர்கள். அல்மாயிதா அத்தியாயம் எந்தக் கட்டளையோடு தொடங்குகிறது? ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படியான கட்டளையோடுதான்! முஸ்லிம்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது; ஹராமை ஹலாலாக்கும், ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனைக்கு மட்டும் அதில் இடமில்லை. வக்ஃப் செய்தவர் விதித்த நிபந்தனையை எவ்வளவு கண்ணியத்தோடு காக்க வேண்டும் என்று மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் படித்தோம். படித்துவிட்டு வந்து, வாடகைக் கடையை மைத்துனருக்கு ஒதுக்கும்போது அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். கணக்குக் காட்டாதவன் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர்ச்சபை கல்லில் வெட்டியது. நாம் காகிதத்தில்கூட எழுதத் தயங்குகிறோம்.

இன்னொன்று. ஜமாஅத் பைலாவைச் சாட்டையாக எடுத்துச் சுழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் ஊர் விலக்கம், நிக்காஹ் தஃப்தரைத் தரமாட்டோம், மையவாடியில் இடமில்லை! உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்த ஒப்பந்தம் எப்படி ஒரு மனிதனின் குடியுரிமைக்கும் மரியாதைக்கும் மேலே ஏறி நிற்கும்? அதிகாரமில்லாத கட்டணத்தை எதிர்த்து நின்ற யாசீனை நாம் பாராட்டுகிறோம். நம் ஜமாஅத் அதிகாரமில்லாமல் ஒருவரைத் தண்டிக்கும்போது அவருக்காக யார் பேசுவது? கணவரை இழந்து, தலைக்கட்டு வரியைத் தவறாமல் செலுத்தும் ஒரு தாய்க்குப் பொதுக்குழுவில் ஒரு வார்த்தை பேசும் உரிமை உங்கள் பைலாவில் உண்டா? நகராட்சியிடம் நியாயம் கேட்கும் வாய், முதலில் நம் பள்ளிவாசல் அலுவலகத்தில் நியாயம் பேசிப் பழக வேண்டும்.

செய்ய வேண்டியது

இளைஞர்களே! உங்களிடம் நான் ஊர்வலம் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் நான்கு மாலை நேரங்களைக் கேட்கிறேன்.

முதல் மாலை, உங்கள் நகராட்சியில் அல்லது ஊராட்சியில் இப்போது நடைமுறையிலுள்ள துணைவிதிகளின் நகலைக் கேட்டு மனு எழுதுங்கள். கொடுக்க மறுத்தால் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாட்களுக்குள் பதில். இரண்டாவது மாலை, கிடைத்ததைப் பாய் விரித்து உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். கறிக்கடைக்காரர், ஹோட்டல்காரர், தள்ளுவண்டிக்காரர் மூவரையும் கட்டாயம் அழைத்துக்கொள்ளுங்கள். அவரவர் தொழிலைத் தொடும் வரிகளைத் தனித்தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். மூன்றாவது மாலை, கடை கடையாகப் போய்ப் பாருங்கள். நம்மிடம் குறை இருந்தால் நாமே சரிசெய்வோம். துணைவிதியில் குறை இருந்தால், அதற்குத் தாய்ச்சட்டத்தில் அதிகாரம் இருக்கிறதா, ஒரு சாராரை மட்டும் குறிவைக்கிறதா, அனுமதி கேட்பவருக்கு வாசல் வைத்திருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துப் பரிசீலியுங்கள். நான்காவது மாலை, உங்கள் ஜமாஅத் பைலாவைத் தேடி எடுங்கள். நகல் எடுத்து ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒன்று கொடுங்கள். மிம்பருக்குப் பக்கத்துப் பலகையில் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து மாட்டுங்கள்.

அந்தக் கறிக்கடைத் தம்பியை அண்மையில் சந்தித்தேன். முகப்பில் வலை அடித்திருக்கிறார். மூடியுள்ள தொட்டி வைத்திருக்கிறார். கல்லாப் பெட்டிக்கு மேலே உரிமத்தை மாட்டி, அதற்குப் பக்கத்தில் துணைவிதியின் நகலையும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். "இப்ப யாராவது நோட்டீஸோட வந்தா என்ன செய்வீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"எந்த வரின்னு கேப்பேன் ஹஜ்ரத்" என்றார்.

ஊருக்கு ஒருவர் இப்படிக் கேட்கத் தொடங்கினால் போதும். ஊரின் சட்டம் மீண்டும் ஊரின் கைக்கு வரும், இன்ஷா அல்லாஹ்.